நாலு கம்ப்யூட்டருக்கு ஒரு மாப்பிள்ளை

அசரியாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நேற்று முழுக்க நாலு கம்ப்யூட்டருக்கு நடுவில் நாற்காலியைச் சுழற்றியதன் கூலி.

மேற்குத் தாம்பரம் திருமணத் தகவல் நிலையத்தில் ஜாதகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாப் பெண்ணையும் எல்லா ஆணோடும் ஒப்பிட ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு நாள் ஆகும். முதலாளி அப்பாதுரையோ, 'ஒரே நாளில் பொருத்தம்' என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார்.

அசரியா பெண்களை நாலு பங்காக்கி, பங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தான். மாப்பிள்ளைகள் நாலிலும் முழுசாக இருந்தார்கள். சாயங்காலமே முடிந்தது. ஆபீஸில் போன் பார்க்கும் சரோஜினி பெண் வீடுகளுக்குச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை, கோவிலம்பாக்கத்துக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன ஒரு பெண் வீட்டாரிடமிருந்து போன் வந்தது. "இன்னா சார், ஜெயவேலு வூட்ல எங்களுக்கு முன்னாடியே மூணு குடும்பம் குந்திகினு கீது."

அப்பாதுரை திரும்பினார். "ஒருத்தனை எப்படிடா நாலு பேருக்குக் குடுத்த?"

"ஒண்ணு குடுத்தது மத்ததுக்குத் தெரியாது சார்."

"பக்கத்துல பக்கத்துலதானே வச்சிருக்கு?"

அசரியா நாலையும் கேபிளால் இணைத்தான். ஒன்று எடுத்த மாப்பிள்ளையை இன்னொன்று தொடாதபடி பூட்டுப் போட்டான். கொஞ்ச நேரத்தில் நாலும் அசையாமல் நின்றன.

"இப்ப என்ன?"

"ஆளுக்கொருத்தனைப் புடிச்சு வச்சுக்கிட்டு, அடுத்தது கையில இருக்கிறவன் வரட்டும்னு காத்திருக்கு சார்."

"பொண்ணு வீட்டுக்காரங்க புத்தி அதுக்கும் வந்துடுச்சா? அவுத்து விடுடா."

அவிழ்த்தான். நாலும் ஒரே பாய்ச்சலில் மறுபடி ஜெயவேலுவையே பிடித்தன. பிரின்டரில் வந்த தாளைச் சரோஜினி எடுத்துப்போய், இன்னும் நாலு குடும்பத்தைக் கிளப்பிவிட்டாள்.

அப்பாதுரை அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோவிலம்பாக்கம் பறந்தார். "இன்னிக்கு இது தீரலேன்னா நாளைக்கு நீ வராதே."

ஜெயவேலு வீட்டில் எட்டுக் குடும்பமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பாதுரை கும்பிட்டார். "கம்ப்யூட்டர் கோளாறும்மா. மாப்பிள்ளைக்குத் தங்கச்சியா நீங்க?"

"பொண்டாட்டி. பேரு கனகவல்லி. நீங்கதான் சார் எங்களுக்குப் பொருத்தம் பாத்தீங்க. போன் பண்ணா எடுக்க மாட்டேன்றீங்க, ஆபீசுக்கு வந்தா ஆளே இல்லேன்றாங்க. அதான் அவரு ஜாதகத்த மறுபடியும் உங்காண்ட பதிஞ்சேன். கல்யாணத்துக்கு நீங்க தர்றேன்னு சொன்ன வெட் கிரைண்டர் இன்னும் பாக்கி."