பக்கத்துத் துணியின் விலை

இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியதும் துணிக்கடை முதலாளிக்கு உள்ளூர உதறல் எடுத்தது. விடாத இருமல், கட்டிப்போன குரல், காரணமில்லாமல் மெலிவது எல்லாம் நுரையீரல் புற்றுநோயாக இருக்கலாம் என்று பத்திரிகையில் படித்துத் தொலைத்திருந்தார். டாக்டரிடம் போகலாம். ஆனால் தான் பயந்துவிட்டது தெரிந்தால் மனைவி சிகரெட்டைப் பிடுங்கிவிடுவாளே!

கொள்முதலுக்குப் போனால் அவருக்கு ஒரு வழக்கம். வேண்டிய துணியைத் தொடவே மாட்டார். பக்கத்துத் துணியைத் தடவி விலை கேட்பார். அந்த வித்தையையே மனைவியிடமும் எடுத்தார்.

"நீயும் ரொம்ப நாளா இருமுறே. வா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"எனக்கென்னங்க? தொண்டைக் கரகரப்பு."

"ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, பாரு."

"போன மாசம் 'மெலிஞ்சுட்டே, துணி மிச்சம்'னு சந்தோஷப்பட்டீங்க!"

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்லை?"

"இவளுக்குத்தான். வந்ததுக்கு எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, கொசுறா."

"கொசுறெல்லாம் இங்க கிடையாது. வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"

"துணிக்கடை வச்சிருக்கேன் டாக்டர்! ஒரு பொறி விழுந்தா குடும்பமே தெருவுல."

"கடையில தொடவே மாட்டாருங்க," என்றாள் மனைவி. வியாபாரி வீட்டுக்காரி, வெளியாள் முன்னால் சொந்தச் சரக்கைக் குறை சொல்லமாட்டாள். அவர் ஊதுவதெல்லாம் படுக்கையறையில், திரைச்சீலை பறந்து பற்றிக்கொள்ளக் கூடாதென்று ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டு.

"ஒருவேளை ஏதாவது இருந்தா?" முதலாளி மனைவி பக்கம் கையைக் காட்டினார். "அதாவது... இவளுக்கு."

"ஆரம்பத்துலயே தெரிஞ்சா ஆபரேஷன்ல எடுத்துடலாம். பரவியிருந்தா மருந்து, கதிர்வீச்சுன்னு போகணும். முதல்ல படம் எடுங்க."

மனைவி கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போனாள்.

"அடுத்து நீங்கதான் சார். சட்டையைக் கழற்றிக் குடுங்க," என்றாள் நர்ஸ்.

சட்டைப்பையில் சிகரெட் பெட்டி! சட்டென்று உருவி மனைவியின் கைப்பைக்குள் திணித்தார். அது ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த பை, ஜிப் மூடவில்லை. நர்ஸ் அதை வாங்கி மேசையில் வைத்ததுதான் தாமதம், பெட்டி அவள் காலடியிலேயே விழுந்தது.

"இது யாரோடது சார்?"

பழுதான சரக்கைத் தன்னுடையது என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "பை அவளோடது," என்றார்.

நர்ஸ் பெட்டியைக் குப்பைக்கூடையில் போட்டாள். பாதிப் பெட்டி போனது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் மனைவிக்குத் தெரியாமல் காரியம் முடிந்ததே! இருமல்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நர்ஸ் முதலாளியிடம் வந்தாள்.

"உங்க படம் சுத்தமா இருக்கு சார்."

துள்ளிக் குதிக்காத குறை. "எனக்குத் தெரியும்மா! நம்ம சரக்கு அப்படி!"

நர்ஸ் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா படத்துலதான் ஒரு நிழல் தெரியுது. உடனே ஸ்கேன் எடுக்கணுமாம். மறைக்காம சொல்லுங்க சார், எத்தனை வருஷமா அவங்க சிகரெட் பிடிக்கிறாங்க?"