முதல் பரிசு நான்

எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்கமாட்டேன் என்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தேன். கைதட்டினார்கள். தெருமுனை இலவச மருத்துவமனைக்கு இரண்டு சக்கர நாற்காலி வாங்க வேண்டும். அதற்காகக் குலுக்கல் சீட்டு இருநூறையும் விற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒன்பது நாளில் நாலு சீட்டு விற்றேன். அதில் மூன்றை என் முதலாளி, நான் கடையில் புலம்புவதை நிறுத்தினால் போதும் என்று வாங்கிக்கொண்டார். முதல் பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் விலை போகாமல் கிடந்தது. உட்கார்ந்தால் எழுந்தேன். எழுந்தால் நடந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த நடைக்குப் பக்கத்து ஊருக்கே போய் விற்றிருக்கலாம்.

"ஏங்க, ஒரு இடத்துல உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது" என்றாள் என் மனைவி.

"நூத்தித் தொண்ணூத்தாறு சீட்டு கிடக்கு. எப்படி உக்கார்றது?"

"என்ன சொல்லி விக்கறீங்க?"

"கடிகாரம் கிடைக்கும்னு."

"ஓடுமா?"

"கொஞ்சம் மெதுவா ஓடும்."

"அதைக் கேட்டவங்க வேகமா ஓடியிருப்பாங்க. கொடுங்க இங்க."

கொடுத்தேன். மூன்றே நாள். நாற்பது சீட்டுதான் மிச்சம். அதோடு இன்னொரு மாற்றமும் தெரிந்தது. மாடிப்படியில் எதிர்ப்படும் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேல் வீட்டு டீச்சர் என் தோளையும் கையையும் எடை போடுவதுபோல் பார்த்தார். வயசானாலும் ஆளிடம் ஒரு களை இருக்கத்தான் செய்கிறது என்று தலையை வாரிக்கொண்டேன்.

அறிவிப்புப் பலகையைப் பார்த்தபோதுதான் களையின் காரணம் புரிந்தது. கடிகாரம் இரண்டாம் பரிசுக்கு இறங்கியிருந்தது. முதல் பரிசு இருந்த இடத்தில் என் புகைப்படம். கீழே, 'பத்து நாள் இலவச வீட்டு வேலை. குழாய், ஒயரிங், பெயின்ட். கைதேர்ந்தவர்.'

வீட்டுக்குள் பாய்ந்தேன்.

"என்னைக் கேக்காமலே என்னைப் பரிசா வச்சிருக்கியே?"

"நல்ல காரியத்துக்குத்தானே."

"நான் குழாய் விக்கறவன், மாட்டறவன் இல்ல. கத்திரிக்கோல் விக்கறவன் முடி வெட்டுவானா?"

"அதை இனிமே சொல்ல முடியுமா? டீச்சர் அக்கா பன்னெண்டு சீட்டு வாங்கியிருக்காங்க. அவங்க வீட்டுல ஏழு ஜன்னல் மூட மாட்டேங்குதாம்."

"எனக்கு லீவு கிடைக்காது."

"உங்க முதலாளிகிட்ட பேசிட்டேன். உடனே சரின்னுட்டார். வேணும்னா இன்னும் ரெண்டு நாள் சேர்த்து எடுத்துக்கச் சொன்னார்."

குலுக்கல் சீட்டைக் கிழித்து விற்கச் சொன்னால், என் சீட்டையே கிழித்துவிட்டாள்.

தப்பிக்க ஒரே வழிதான். மிச்சமுள்ள நாற்பதையும் வாங்கி என்னை நானே ஜெயிப்பது. பேச்சுவாக்கில் சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பரிசே பரிசை வாங்க விதியில இடமில்ல" என்றார் அவர், படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி, மனைவி பெயரில் வாங்கலாம். அவளிடம் மாட்டினால் கவலையில்லை. சொந்த வீட்டில் வேலையைத் தட்டிக் கழிப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம். மிச்சச் சீட்டுக் கட்டு கீழ்த்தளத் தையல்காரரிடம் இருந்தது.

"அண்ணே, நாப்பதும் எனக்கே வேணும். எல்லாத்துலயும் என் மனைவி பேரைப் போடுங்க. அவளுக்குத் தெரியக் கூடாது."

வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலே தலையாட்டினார். புதுச் செருப்புக்குச் சேர்த்து வைத்தது அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். மருத்துவமனை டாக்டரம்மா தகர டப்பாவைக் குலுக்கினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன் வரிசைக்காரரின் நாற்காலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை திரும்பி முறைத்துவிட்டு இடம் மாறினார். டாக்டரம்மா ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். என் மனைவியின் பெயரைப் படித்தார்.

கூட்டத்திலேயே பெரிய கைதட்டல் என்னுடையதுதான். டீச்சர் முகம் தொங்கிப்போயிற்று.

மனைவி மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"எங்க வீட்டுக்காரரை நானே ஜெயிச்சு நானே வச்சுக்கிட்டா நல்லா இருக்காது. அவரை மருத்துவமனைக்கே கொடுத்துடறேன்."

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை நான் தட்டவில்லை. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பதினாறு கட்டில், ரெண்டு வார்டு. எல்லாத்துக்கும் பெயின்ட் அடிக்கணும். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க."

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்த நாப்பதுல ஒண்ணு விழும்னு நானே நினைக்கல."

"எந்த நாப்பது?"

"நான் தையல்காரர்கிட்ட கொடுத்து வச்ச நாப்பது. நீங்க வருவீங்க, என் பேர்லதான் கேப்பீங்கன்னு சொல்லித்தான் கொடுத்தேன்."

என் பழைய செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஒருவேளை டீச்சருக்கு விழுந்திருந்தா?"

"விழுந்தா என்ன? பத்து நாள் நீங்க வீட்டுல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"ஏன்?"

"சமையலறையை இடிச்சுக் கட்டப் போறேன். நீங்க பக்கத்துல நின்னு யோசனை சொல்ற வீட்டுக்கு வர மாட்டோம்னு இதுவரைக்கும் மூணு கொத்தனார் சொல்லிட்டாங்க."