பி.ஏ. மருதாசலம்

"பி.ஏ. எந்தக் காலேஜுல படிச்சீங்க?" என்று பிரின்சிபால் அம்மா கேட்டதும் மருதாசலம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுபவன் அவன். படித்தது ஐந்தாவது. மகள் அன்புக்கரசியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வந்திருந்தான். பெற்றோர் டிகிரி படித்திருந்தால்தான் இடம் தருவார்கள் என்று சொல்லி, விண்ணப்பத்தில் அவனுக்கு பி.ஏ.வும் மனைவி பாவாத்தாளுக்கு பி.காமும் போட்டுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு டெய்லர் கோவிந்தராஜுலு. யாரோ தைக்கக் கொடுத்த, இடுப்பு இறுக்கமான பேண்ட்டையும் ஒருநாளைக்கு மாட்டிவிட்டிருந்தார்.

"கோயமுத்தூர்லதானுங்க" என்றான்.

சர்டிபிகேட் எங்கே என்றார் அந்த அம்மா. கரையான் தின்றுவிட்டது என்றான். அதற்கென்ன, நகல் வாங்கிவிடலாம், ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கள் என்று வெள்ளைத்தாளை நீட்டினார். கை சுளுக்கியிருக்கிறது என்றான். தாள் பாவாத்தாள் பக்கம் நகர்ந்தது. அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அவசரமாகச் சொன்னான். எழுதுவதற்குத் தொண்டை எதற்கு என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

பாவாத்தாள் தாளை மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"போதுமுங்க, உடுங்க" என்றாள் அவனிடம். பிறகு பிரின்சிபாலைப் பார்த்து, "அம்மா, இவரு அஞ்சாவதுங்க. நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க. எங்க புள்ளையாவது படிக்கட்டும்னுதான் வந்தமுங்க" என்றாள்.

பிரின்சிபால் பேனாவை மூடிவிட்டு, வெளியே இருக்கச் சொன்னார்.

வராந்தாவில் மருதாசலம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மகளின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பாவாத்தாளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தால், அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

கால்மணி நேரம் கழித்து ஆயா தெய்வாத்தாள் ஒரு தாளோடு வந்தாள். சீட்டு கிடைத்துவிட்டது, பணமே கட்டவேண்டாம் என்றாள். இவ்வளவு நேரமும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான் மருதாசலம். பேண்ட்டின் கொக்கி தெறித்தது. பாவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"எப்படீங்க குடுத்தாங்க?" என்றான் ஆயாவிடம், இடுப்பைப் பிடித்தபடி.

"படிக்காதவங்க புள்ளைகளுக்குப் பத்து சீட்டு எலவசம்னு வாசக் கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்குதுங்களே. அதை இங்கிலீஷ்ல ஒட்டிப்போட்டாங்க, காலையில இருந்து வந்தவங்க பூராம் பி.ஏ.ன்னே சொல்லிட்டுப் போறாங்க."