ஏழாவது வார்டில் எனக்கு விழுந்த ஒரு ஓட்டு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"உங்க தங்கச்சி புருஷனைத் தோற்கடிச்சிட்டா, இனி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்க மாட்டாங்க" என்று யாரோ போனில் சொல்ல, நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சமாதானம் பேசக் கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து பெட்டியை இறக்கி வையுங்கள். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி வதந்தி. போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டு கண்டக்டராக நின்றவனுக்குத் தேர்தலில் நிற்பது பெரிய விஷயமா என்று நினைத்து, ரிட்டயர் ஆன கையோடு எங்கள் வார்டு கவுன்சிலர் பதவிக்கு மனு போட்டேன். ஒருவேளை மனு தள்ளுபடியானால் என்ன செய்வது, மாற்று ஆளாக வீட்டிலிருந்து ஒருவர் பெயரில் இன்னொரு மனுவும் போட்டு வையுங்கள் என்றார்கள். உங்கள் தங்கை அப்போது முன்னறையில் தையல் மெஷினில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் மனு செல்லும் என்று ஆனதும் அவள் மனுவை வாபஸ் வாங்க வேண்டியதுதானே? கடைசி நாள் மூன்று மணி வரை நேரம். நான் போய்ச் சேர்ந்தது மூன்று மணி நாலு நிமிஷம். கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "சார், பஸ் போயிடுச்சு" என்றார். என்னிடமே!

ஆக, எனக்குக் குடை சின்னம், உங்கள் தங்கைக்குத் தையல் மெஷின், எதிரே நிற்கிற பர்னிச்சர் கடைக்காரருக்குப் பொருத்தமாக நாற்காலி. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"என்னைக் கேக்காம என் பேரை எதுக்குங்க குடுத்தீங்க?"

"நீதானே கையெழுத்துப் போட்டே?"

"கரண்ட் ஆபீஸ் காகிதம்னு நினைச்சேன்!"

அதற்கப்புறம் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகத் தொண்டை கட்டக் கத்தினேன். அவள் ஒரு தெருவுக்கும் போகவில்லை, ஒரு கும்பிடும் போடவில்லை. ஆனால் அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மாவா வருகிறார்கள்? கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் போகிறார்கள். அவள் நோட்டில் இடது பக்கம் தோள், மார்பு, கை என்று அளவு, வலது பக்கம் குறை. மூலைச் சாக்கடையின் மூடி உடைந்து கிடக்க, பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி உள்ளே விழுந்து காலைச் சிராய்த்துக்கொண்டாள். நான் அந்த இடத்திலேயே நின்று நாற்பது நிமிஷம் ஆவேசமாகப் பேசினேன். மறுநாள் காலையில் உங்கள் தங்கை ஒரு மூட்டைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போய் இன்ஜினியர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பட்டன் தைக்க ஆரம்பித்துவிட்டாள். "நாளைக்கு வாங்கம்மா" என்றிருக்கிறார். "பரவாயில்லை சார், இன்னும் பதினாறு சட்டை பாக்கி இருக்கு" என்றிருக்கிறாள். மத்தியானம் லாரியில் புது மூடி வந்து இறங்கியது. இன்ஜினியர் சட்டையில் விட்டுப்போயிருந்த பட்டனையும் தைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், மச்சான்!

அந்த மூடி மேல் நான் ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை. என் நெஞ்சுதான் அசைந்தது. ஓட்டுப் போடுகிற அன்று மறைவுக்குள்ளே போய்ச் சீட்டைப் பிரித்தவனுக்குக் குடையில் குத்த மனசு வரவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், தையல் மெஷினில்தான் குத்தினேன்.

நூலக ஹாலில் எண்ணினார்கள். நாற்காலிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு, தையல் மெஷினுக்கு அறுநூற்றுப் பதின்மூன்று. பர்னிச்சர் கடைக்காரர் மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை எண்ணிய டீச்சரம்மா, "இதுக்கு மேல என் விரல்ல ரேகை இருக்காது" என்று கையை விரித்துவிட்டார். குடைக்கு? ஒன்று.

ஹாலே சிரித்தது. "விசில் மாமா தனக்குத்தானே போட்டுக்கிட்டார்!" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். எனக்கு நான் போட்டுக்கொள்ளவில்லை என்று சத்தியம் பண்ணியும் ஒருவரும் நம்பவில்லை. எனக்கோ உள்ளுக்குள் பொறி தட்டியது. நான் போடவில்லை என்றால் வேறு யார் போட்டிருப்பார்கள்? திரும்பிப் பார்த்தேன். உங்கள் தங்கை கழுத்தில் கிடந்த டேப்பைச் சுருட்டியபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புரிந்துவிட்டது, மச்சான். நான் அவளுக்கு, அவள் எனக்கு! கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு பூரிப்பு எனக்கு வந்ததில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் கூட்டம். "உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க" என்று நான்தான் வரிசை விடுகிறேன், டீயும் நான்தான் போடுகிறேன். கவுன்சிலரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்காமலே மனு வாங்குகிறாள். தோற்றவன் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை. வருகிற புதன்கிழமை பதவியேற்பு. சமாதானம் பேச வேண்டாம், கைதட்ட வாருங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
கவுன்சிலரின் கணவன்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது, அந்த ஒரு ஓட்டுக்காக உங்கள் தங்கைக்கு நன்றி சொன்னேன். "நானா? நான் எனக்குத்தான் போட்டேன். சாக்கடை மூடி வாங்கிட்டு வந்தவ உங்களுக்கு எதுக்குப் போடணும்?" என்றாள். அளவு கொடுக்க வந்திருந்த பர்னிச்சர் கடைக்காரரின் சம்சாரம் மெதுவாக என் பக்கம் திரும்பி, "அண்ணே, அது நான்தான். எங்க வீட்டுக்காரருக்குப் போட்டா ஜெயிச்சு வெளியேவே சுத்துவார். அக்காவுக்குப் போட்டா அவருக்குத் துரோகம். உங்களுக்குப் போட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்றாள். இதை நீங்கள் படித்ததும் கிழித்துவிடவும்.