இரண்டரைப் பாட்டில் முடிந்த கௌபாய்

தொப்பி வாங்கிய ஒரே காரணத்தால் தங்களைப் பாடகர்கள் என்று நம்பிவிட்டவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய கன்ட்ரி இசை வாழ்க்கை மொத்தம் இரண்டரைப் பாட்டு நீளம். அந்தக் கடைசி அரைப் பாட்டைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மின்வேலை படித்து முடித்து, ஜேர்மனியின் எசன் நகரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் சுவர்களுக்குள் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த ஜேர்மன்காரர் வண்டியில் எந்நேரமும் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுத்தான் போடுவார். மனைவி போய்விட்டாள், நாயும் போய்விட்டது, மழை பெய்கிறது, ஆனாலும் பாதை நீண்டு கிடக்கிறது என்கிற வகைப் பாட்டுகள். எனக்கு மனைவியும் இல்லை, நாயும் இல்லை. மழை மட்டும் தாராளமாக இருந்தது. (எசனில் அதற்கு என்ன குறை?) ஆனாலும் அந்தச் சோகத்தை எனக்கு அளவெடுத்துத் தைத்ததாகவே நினைத்தேன். ஒரே மாதத்தில் தொப்பியும் கூர்முனைச் சப்பாத்தும் சாப்பாட்டுத் தட்டளவு பக்கிள் வைத்த பெல்ட்டும் வந்து சேர்ந்தன. குமரன் என்று வைத்த பெயரைக் கழற்றிவிட்டு ‘டெக்சஸ் கே’ ஆனேன். டெக்சஸை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குதிரையைக் கண்டால் இப்போதும் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

அப்பாவுக்கு வேறு திட்டம் இருந்தது. மைஸ்டர் என்கிற தொழில் மேற்படிப்புக்கான விண்ணப்பத்தை, அதாவது அந்த அன்ட்ராக்கை, தானே நிரப்பிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். என் கையெழுத்து மட்டும்தான் இல்லை. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

“மைஸ்டர் முடிச்சால் நாளைக்கு நீயே ஒரு கொம்பனி துவங்கலாம். பாட்டுப் பாடி ஆரடா ரென்ட்டே எடுத்தவை?” என்றார். (ரென்ட்டே என்றால் ஓய்வூதியம். அப்பா எந்தத் தொழிலையும் அதன் கடைசி நாளில் இருந்துதான் பார்க்கத் தொடங்குவார்.)

இந்த நேரத்தில்தான் எசனுக்கு வெளியே இருந்த ஒரு கௌபாய் கிளப்பில் பாடகருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் மாடுகளைவிடக் கௌபாய்கள் அதிகம் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பல் வைத்தியரும் பஸ் சாரதியும் சனிக்கிழமை வந்தால் தொப்பியைப் போட்டுக்கொண்டு தூரப் பார்வை பார்ப்பார்கள். தலைவர் மன்ஃபிரெட் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். நெஞ்சில் ஷெரிப் நட்சத்திரம் குத்தியிருப்பார். முப்பது வருடம் கடிதம் போட்டே சனத்தை நடுங்க வைத்தவருக்கு, இப்போது இடுப்பில் ஒரு பொம்மைத் துப்பாக்கியும் தேவைப்பட்டது.

அந்தப் பாடகரின் இடத்தை நான் கேட்டுப் போனேன். கோடை விழாவில் நான் மூன்று பாட்டுப் பாட வேண்டும். ஆடுகிறவர்களுக்குப் பிடித்தால் அந்த வருடத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் எனக்கு. அப்பாவும் ஒரு வழியாக இறங்கி வந்தார்.

“உன்னை எடுத்தால் உன்ர விருப்பம். எடுக்காட்டில் திங்கக்கிழமை கையெழுத்து. சரியோ?”

“ஓம்” என்றேன். கையெழுத்து வைக்கிற தேவையே வராது என்று அவ்வளவு நிச்சயம்.

இங்கே அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது பேர் வரிசை வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடியை எடுத்து வைப்பார்கள். முப்பத்திரண்டு அடி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் கால்வாசி திரும்பி அடுத்த சுவரைப் பார்க்கும். மறுபடி முப்பத்திரண்டு, மறுபடி அடுத்த சுவர். முகத்தில் ஒரு சந்தோஷமும் இராது, உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். “நீ எப்படிப் பாடினாலும் பரவாயில்லை, எண்ணிக்கை மட்டும் மாறக்கூடாது” என்று மன்ஃபிரெட் இரண்டு தரம் சொன்னார். நான் பெரிய வித்துவான் மாதிரிச் சிரித்தேன்.

ஏனென்றால் நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் சங்கீதம் படித்தவன். அங்கே ஒரு வரியை ஒரேயொரு முறை பாடிவிட்டு நகர்ந்தால் டீச்சர், “என்ன, செய்தியோ வாசிக்கிறீர்?” என்று கேட்பார். நல்ல வரி வந்தால் திரும்பப் பாட வேண்டும். திரும்பப் பாடும்போது ஒரு சங்கதி கூட்ட வேண்டும். அதற்கும் மேலே இழுத்தால்தான் அவருடைய தலை ஆடும்.

விழாவுக்கு அப்பா கோட்டுப் போட்டு வந்தார். அம்மா ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டுவந்தார். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, பையில் ஒரு பொன்னாடையோடு வந்தார். மாமா மூன்று சங்கங்களுக்குத் தலைவர். (மூன்றிலும் பாதி உறுப்பினரும் அவர்தான்.) மேடை ஏறியவரைப் போர்த்தாமல் விடுவது அவருக்குப் பெரிய பாவம்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. நாற்பது பேரும் ஒழுங்காகச் சுவர் மாறினார்கள். மன்ஃபிரெட் ஆடிக்கொண்டே பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைக்குள் காற்று ஏறியது.

மூன்றாவது பாட்டில் ஒருவனுடைய மனைவி போகிறாள், நாய் போகிறது, கடைசியில் அவனுடைய லொறியும் போய்விடுகிறது. லொறி போகிற அந்த வரியில் என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பாடினேன். போதவில்லை. தாளத்தை விட்டுவிட்டு இரண்டாந்தரம் இழுத்தேன். பின்னால் கிற்றார்க்காரர், பாவம், மரியாதைக்கு நிறுத்திக்கொண்டார். தடதடவென்று சத்தம் கேட்டது. சபை காலால் தட்டி ரசிக்கிறது என்று நினைத்து, நெஞ்சு நிறைந்து மூன்றாந்தரமும் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் நான் நன்றாகப் பாடியது அந்த ஒரு தடவைதான்.

கண்ணைத் திறந்தேன். பாட்டைக் கேட்டு ஆடிய பாதிப்பேர் பாட்டு நின்றதும் நின்றிருக்கிறார்கள். மனதுக்குள் எண்ணி ஆடிய மற்றப் பாதிப்பேர் எண்ணிக்கை முடிந்ததும் அடுத்த சுவருக்குத் திரும்பி, நின்றவர்கள் மேலேயே நடந்திருக்கிறார்கள். பஸ் சாரதி கீழே, பல் வைத்தியர் அவருக்கு மேலே. மன்ஃபிரெட்டின் நட்சத்திரம் ஓர் அம்மையாரின் சால்வை நூலில் மாட்டிக்கொள்ள, மனிதர் முழங்காலில் நின்று கழற்றிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரே ஒருவர் மட்டும் தன்னந்தனியாக, சரியாக, எண்ணி ஆடிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு இதெல்லாம் கணக்கிலேயே இல்லை. கூட்டம் கலைவதற்குள் போர்த்திவிட வேண்டும். “கொஞ்சம் விலத்துங்கோ, விலத்துங்கோ” என்று விழுந்தவர்களைத் தாண்டி வந்து, என் தோளில் பொன்னாடையைப் போர்த்தி மைக்கையும் பறித்துக்கொண்டார்.

“ஜேர்மன்காரரையே காலில விழ வைச்சிட்டான் எங்கட பிள்ளை!”

அம்மா மட்டும் கை தட்டினார்.

மன்ஃபிரெட் வளைந்த நட்சத்திரத்தோடு மேடைக்கு வந்தார். கோபப்படவில்லை. வரி அலுவலகக் குரலில் ஜேர்மனில் ஒன்று கேட்டார்: “லொறி ஒரு தடவைதானே போனது?”

நான் பொன்னாடையோடு மேடையை விட்டு இறங்கினேன். சனிக்கிழமைகளும் அத்தோடு போயின.

ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது. தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டேன், அதற்காவது அது உதவியது. அம்மா மிச்ச ரோல்ஸை எதிர் இருக்கைக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்டேஷன் வந்ததும் அப்பா எழுந்து கோட்டுப் பித்தானைப் போட்டார். பிறகு, “மூண்டாந்தரம் பாடினது நல்லாயிருந்தது” என்றார். நான் தொப்பியைத் தூக்கி அவரைப் பார்த்தேன். “திங்கக்கிழமை கையெழுத்தை வை” என்றார்.

வைத்தேன். இன்றைக்கு எனக்குச் சொந்த நிறுவனம் இருக்கிறது. வீட்டில் மனைவியும் இரண்டு மகள்மாரும் இருக்கிறார்கள். நான் ஒரு கதையை இரண்டாந்தரம் சொல்லத் தொடங்கினால் போதும், மூவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கால்வாசி திரும்பி, அடுத்த சுவரைப் பார்த்து நிற்பார்கள். விருந்தாளிகளுக்கும் பழக்கிவிட்டார்கள்.

போன வருடம் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தோம். நன்றியுரை என்னுடையது. அப்பா எங்களுக்காகப் பட்ட பாட்டைச் சொன்னேன். போதவில்லை, இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது என்னையறியாமல் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது மண்டபம் முழுக்க முதுகுகள். மாமாகூடக் கையில் புதுப் பொன்னாடையோடு சுவரைப் பார்த்து நின்றார். முழங்கால் வருத்தத்தால் அப்பாவுக்கு எழும்ப ஏலாது. என் மகள்மார் இருவரும் அவரைக் கதிரையோடு தூக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். சுவரைப் பார்த்தபடியே அவர் கையைப் பின்னால் நீட்டினார்.

“தம்பி, லொறி போயிட்டுது. மைக்கைக் குடு.”