நான் ஆசி வழங்கிய கிரானைட்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி கபிடென் அவர்களுக்கு,

அஸ்தானாவில் ஆற்றின் இடது கரையிலிருந்து ஷாய்மெர்தன் எழுதுவது. உங்கள் ஆடு, மாடு, குதிரை எல்லாம் நலம்தானே? கொக்ஷெத்தாவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் உங்களிடம் ஒரு பழைய காரையும் ஒரு கூண்டுக்கிளியையும் தவிர வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால்நடையை விசாரித்த பிறகே மனிதரை விசாரிப்பது நம் முறை. முறையை விட்டவன் என்று நாளைக்கு என்னை யாரும் சொல்லக் கூடாது. நீங்களும் சம்பந்தியம்மாவும், என் மகளும் மருமகனும், பேரன் மீராஸும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி குல்பார்ஷினும் நலம். கட்டடத்துக்குத்தான் உடம்பு சரியில்லை.

போன ஞாயிறு தொலைபேசியில், நடை பழகும் மீராஸின் காலில் கயிறு கட்டி அறுக்கும் விழாவில் நான்தான் கை விரித்து ஆசி சொல்ல வேண்டும் என்றீர்கள். பக்கத்தில் குல்பார்ஷின் நின்றதால் உடனே சரி என்றேன். இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள், ஆகவே உண்மையை எழுதுகிறேன். என்னால் முடியாது சம்பந்தி. வேறு நல்ல பெரியவராகப் பாருங்கள். உங்கள் மாடியிலேயே ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் இருக்கிறாரே, அவர் போதும். காரணத்தைக் கேட்டால் நீங்களே என்னை அழைக்க மாட்டீர்கள்.

நான் முப்பத்துநான்கு வருஷம் தானியக் கிடங்கில் கோதுமையின் தரம் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு, பழையது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எந்த லாரிக்காரனும் என்னை ஏமாற்றியதில்லை. அப்பேர்ப்பட்டவன் ஜூன் மாதம் இந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்குக் குடிவந்தேன். திறப்பு விழாவுக்கு வாசலில் வெள்ளைக் கூடாரம் போட்டு, புளித்த குதிரைப்பால் குமிஸ் ஊற்றி, எண்ணெயில் பொரித்த பௌர்சாக் குவித்து வைத்திருந்தார்கள். கட்டிய நிறுவனத்தின் மேலாளர் யெர்சாயின் என்றொரு இளைஞர், கூர்மூக்குச் செருப்பும் தேன் ஒழுகும் வாயும் உள்ளவர், குடியிருப்பவர்களில் நான்தான் மூத்தவன் என்று கண்டுபிடித்து, என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தலைமை இடத்தில் உட்காரவைத்து, மூத்தவருக்கே உரிய ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார். ஆட்டுத்தலையை முன்னால் வைத்த பிறகு மனிதன் எதைத்தான் சந்தேகிப்பான்? பிறகு கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கட்டடத்துக்கு ஆசி சொல்லும்போது இதில் உள்ளதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தாத்தா என்றார். நானும் தொழில் மறக்காதவனாக, எழுந்துபோய் வாசல் தூணைத் தட்டிப் பார்த்தேன். அசல் கல். சத்தமே சொன்னது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில், இந்தக் கிரானைட் முகப்பு நூறு வருஷம் நிற்கட்டும், அதன் பின்னால் உள்ள பாறைப் பஞ்சு குளிரையும் நெருப்பையும் அண்டவிடாமல் காக்கட்டும், இந்த அலுமினியச் சட்டங்களும் துருப்பிடிக்காத ஆணிகளும் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளையும் பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வாழ்த்தினேன். அறுபது பேர் ஆமின் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். யெர்சாயினின் ஆள் ஒருவர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நினைவுக்காக என்று நினைத்தேன்.

செப்டம்பரில் காற்று ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கட்டடம் பாடியது. பதினேழாவது மாடியில் எங்கள் பால்கனிக்கு வெளியே யாரோ தொம்ப்ரா மீட்டுவதுபோல் இருக்கிறது என்று குல்பார்ஷின் இரண்டு நாள் ரசித்தாள்கூட. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பதினாலாவது மாடியின் கிரானைட் பலகை ஒன்று கழன்று விளையாட்டுத் திடலின் சீசா பலகையில் ஒரு முனையில் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், கடவுளுக்கு நன்றி. அடுத்தது ஒன்பதாவது மாடியிலிருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, பக்கத்துக் கட்டடத்தின் பூப்பாத்தியில் நிமிர்ந்து நின்றது. உங்கள் கிரானைட் பறந்து வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ளவும் என்று அவர்கள் தங்கள் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

கிரானைட் ஆயிற்றே, தூக்க நாலு ஆள் வேண்டுமே என்று நான் ஆள் தேடிக்கொண்டிருக்கையில், ஒன்பதாவது மாடி ரௌஷன் ஒரு கையில் கைப்பையும் மறு கையில் அந்தப் பலகையுமாக நடந்து வந்தார். ரௌஷன் பல் மருத்துவமனைக்குப் பல் செட்டும் பல்லுறையும் செய்து கொடுப்பவர், ஆகவே ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டும் விவகாரம் அவருக்கு அத்துப்படி. "தாத்தா, நான் ஒரு பல்லுக்குப் போடுற உறையே இதைவிடக் கனமா இருக்கும்" என்றார். நகத்தால் சுரண்டினேன். கிரானைட் உரிந்து வந்தது. அது கல்லின் புகைப்படம், சம்பந்தி. இரண்டு தகரத் தாள்களின் நடுவே ஏதோ கருப்புப் பசை, மேலே அச்சடித்த கல். கை எட்டும் உயரம்வரைதான் அசல் கல், அதற்கு மேல் இருபத்தொரு மாடிக்கும் படம். தர ஆய்வாளன் எவ்வளவு உயரத்தில் தட்டிப் பார்ப்பான் என்பதை என் கையை அளந்ததுபோலத் தெரிந்து வைத்திருந்தார்கள். பலகை விழுந்த இடத்தில் பாறைப் பஞ்சும் இல்லை, டிவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை தெர்மாகோல்தான் எட்டிப் பார்த்தது. ரௌஷன் அதில் ஒரு துண்டைப் பிய்த்து இரும்பு வாளியில் போட்டுத் தீக்குச்சியைக் காட்டினார். ஆட்டு வால்கொழுப்பு பற்றுகிற மாதிரி பற்றியது. சுற்றி நின்ற எல்லோரும் அண்ணாந்து அவரவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தோம்.

குடியிருப்போர் திரண்டு நிறுவனத்துக்குப் போனோம். யெர்சாயின் தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, சுவரில் இருந்த பெரிய திரையில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் கிரானைட் என்கிறேன், அறுபது பேர் ஆமின் என்கிறார்கள். பாறைப் பஞ்சு என்கிறேன், ஆமின். ஆணியைக்கூட விடவில்லை. உங்கள் பெரியவரே ஒவ்வொன்றையும் பேர் சொல்லி ஏற்று வாழ்த்தியிருக்கிறார், நீங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், இனி விழுவதெல்லாம் காற்றின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். தலைமை இடத்தில் ஆட்டுத்தலையோடு நான் உட்கார்ந்திருந்த காட்சி வேறு இரண்டு முறை வந்தது. அன்று சாயங்காலமே எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில், "பதினொண்ணாம் மாடி ஆமின் விழுந்துடுச்சு, அந்தப் பக்கம் யாரும் வண்டி நிறுத்தாதீங்க" என்று ஒருவர் போட, நாற்பது பேர் சிரித்து வைத்தார்கள். குல்பார்ஷினும் சிரித்தாள். "ஆட்டுத்தலையைக் கண்டதும் உங்களுக்குக் கண்ணு தெரியல, முப்பத்துநாலு வருஷம் பாவம் அந்த லாரிக்காரங்கதான் பயந்தாங்க" என்றாள். நான் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் பேச்சு நின்றுவிடும். சிரிப்பாக எழுதுகிறேனே தவிர எனக்கு வலித்தது சம்பந்தி. வயதானவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது ஆசி சொல்லும் அந்த ஒரு உரிமைதான், அதையும் கட்டடத்தில் விட்டுவிட்டேன்.

பிறகு குழுவில் ஒரு யோசனை கிளம்பியது. ஆசி சொன்னவரே அதைத் திருப்பி வாங்கட்டும், யெர்சாயின் முன்னால் புறங்கை காட்டட்டும் என்றார்கள். உள்ளங்கை ஆசி, புறங்கை சாபம். என் அப்பா வாழ்நாளில் ஒரு முறைகூடப் புறங்கை திருப்பியதில்லை, அவர் அப்பாவும் இல்லை. நான் மாட்டவே மாட்டேன் என்றேன். சரி, சும்மா கூட வந்து உட்காருங்கள் என்றார் ரௌஷன். போனேன். முதல் தடவை விழுந்த பலகை ஒன்றைச் சாட்சிக்கு நான் தூக்கிக்கொண்டு, கையுறை இல்லாமல் நாலு தெரு நடந்ததில் புறங்கை இரண்டும் வெடித்திருந்தது. அன்று காலையில் குல்பார்ஷின் வேறு ஆட்டுக்கொழுப்பைத் தடவி அனுப்பியிருந்தாள். அந்த அலுவலகத்தின் சூட்டில் கொழுப்பு உருகி, அரிப்பு தாங்கவில்லை. காற்சட்டையில் தேய்த்தால் கறையாகும், நல்ல காற்சட்டை. ஆகவே இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் உயர்த்தி, மெல்லத் திருப்பி, எங்கே அரிக்கிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

தேநீர் கொண்டுவந்த பெண் தட்டோடு அப்படியே வெளியே போய்விட்டாள். எந்த அதிகாரிக்கும் அஞ்சாத யெர்சாயின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், முகத்தில் ரத்தம் இல்லை.

"தாத்தா, வேண்டாம். கையைத் திருப்பிடுங்க. என் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம்."

ரௌஷன் எழுதித் தயாராகக் கொண்டுவந்திருந்த ஒப்பந்தத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்துப் போடுங்க தம்பி. தாத்தா இன்னும் வாயைத் திறக்கல."

எல்லாப் பலகையையும் தெர்மாகோலையும் கழற்றி, அன்று என் கையில் கொடுத்த காகிதத்தில் உள்ளபடியே புதிதாகப் போட்டுத் தருவதாகவும், நாளையே வேலையைத் தொடங்குவதாகவும் யெர்சாயின் கையெழுத்துப் போட்டார். அரிக்கிறது தம்பி, வேறொன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது கட்டடமே என்னைத் தூக்கிக் கொண்டாடுகிறது, லிஃப்டில் எனக்கு முதலில் வழி விடுகிறார்கள். ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணியின் கணவனைப் பயமுறுத்திய கை இது. உள்ளங்கையால் வாழ்த்தியது உதிர்ந்தது, புறங்கையால் நினைக்காதது பலித்தது. இந்தக் கையை மீராஸின் பிஞ்சுக் கால்களுக்கு மேல் விரிக்க எனக்குத் துணிவில்லை. அவன் நடை உறுதியாக இருக்க வேண்டும். ஆகவே இதுவே என் முடிவான மறுப்பு, குல்பார்ஷின் தொலைபேசியில் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

உங்கள் வாசலில் விருந்தாளிக்கும், உங்கள் சட்டியில் கறிக்கும், உங்கள் கிளியின் வாயில் பேச்சுக்கும் என்றும் குறைவில்லாதிருக்கட்டும். இதை ஆசியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சாதாரண விசாரிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி ஷாய்மெர்தன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே கண்டது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இப்போதுதான் யெர்சாயின் வந்துபோனார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடவே வயிற்றைத் தாங்கியபடி அவர் மனைவியும். தொங்குமேடை கட்டிப் பலகைகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள், புதிய பாறைப் பஞ்சை ரௌஷன் ஒரு மணி நேரம் கொளுத்திப் பார்த்துவிட்டு, அது பற்றவில்லை என்று கோபமாக வீட்டுக்குப் போனார் என்று சொன்னார். பிறகு, "தாத்தா, அன்னிக்குத் திருப்பின கையை ஒரு தடவை நேரா வெச்சுச் சொல்லுங்க" என்றார். அரிப்புக் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தப் பெண் குனிந்து நின்றாள். கை தானாக விரிந்தது சம்பந்தி, காகிதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, சொல் முட்டிக்கொண்டு வந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீராஸுக்கு நானே சொல்வேன், தீயணைப்பு அதிகாரியிடம் பேசியிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குல்பார்ஷின் போன வாரமே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாளாம், சனிக்கிழமை காலை அங்கே இருப்போம். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை, ஆகவே இதை அனுப்புகிறேன். எப்படியும் அடுத்த புதன்கிழமைதான் உங்கள் கைக்கு வரும், அப்போது நான் உங்கள் வீட்டில்தான் இருப்பேன். தயவுசெய்து பிரித்துப் படிக்காமல் அப்படியே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.