முக்காலில் பாதி ஒன்றரை

பெருக்கினால் எண் பெரிதாகும் என்று நாற்பத்தாறு வயது வரை நம்பியவன் நான். (இந்த நம்பிக்கையோடுதான் கல்யாணமும் செய்துகொண்டேன். யாரும் தடுக்கவில்லை.)

நானும் மனைவி ஸ்டெல்லாவும் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். எங்களுக்கென்று சொந்தமாக இருப்பது வீட்டுக்குப் பின்னால் அறுபது ஏலச்செடி. அண்ணன் வீட்டிலிருந்து கன்று சுமந்து வந்து ஸ்டெல்லா தன் கையால் நட்டவை. மூன்று வருடம் காத்து, முதல் காய்ப்புக்கு நின்ற நேரம். மழைக்கு முன் மருந்தடிக்காவிட்டால் அழுகல் வந்து மொத்தமும் போய்விடும். துரிசையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துக் கலக்கும் மருந்து. (துரிசு என்றால் நீலக் கல்லாக இருக்குமே, அந்த மயில்துத்தம்.)

ஞாயிறு காலை மகள் ஜெனியோடு கோயிலுக்குக் கிளம்பிய ஸ்டெல்லா சொன்னாள்: "ஏங்க, சுண்ணாம்பு கரைச்சு வச்சிட்டேன். டிரம் நெறைய தண்ணின்னா துரிசு முக்கா கிலோ. இன்னைக்கு அரை டிரம்முதான். அதுக்குத் தக்கன நிறுத்துப் போடுங்க. நான் வராம அடிச்சிராதீக."

வேறு யாராக இருந்தாலும் முக்கால் கிலோவைத் தராசில் இரண்டு பங்காக்கியிருப்பார்கள். நான் படித்தவன் அல்லவா, காகிதம் எடுத்தேன். முக்காலை அரையால் பெருக்க வேண்டும். அதுவரை சரி. பள்ளியில் எதையோ குறுக்கே பெருக்கிய ஞாபகம் வந்தது. மூன்றை இரண்டால், நான்கை ஒன்றால். ஆறின் கீழ் நான்கு. ஒன்றரைக் கிலோ! எண் பெருகியிருக்கிறது, ஆகவே விடை சரி. முழு டிரம்முக்கு முக்கால், அரை டிரம்முக்கு ஒன்றரையா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. தண்ணீர் குறைந்தால் மருந்து காட்டமாகத்தானே இருக்க வேண்டும் என்று அதன் வாயை அடைத்தேன்.

பாராட்டு வாங்கும் ஆசையில் பம்பை முதுகில் மாட்டி அடிக்கவும் தொடங்கிவிட்டேன். பதினோராவது செடியில் அவர்கள் வந்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா அரிவாளை டிரம்மில் முக்கி எடுத்தாள். துரிசு கூடிப்போனால் இரும்பில் செம்பு ஏறும். இங்கே எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள். அரிவாள் புதுச் செம்புக் குடம்போலச் சிவந்து வந்தது.

"எம்புட்டுப் போட்டீக?"

"ஒன்னரை..."

"மாதாவே! எம்புள்ளைகள எரிச்சுப்புட்டீகளே!"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இலை இலையாகக் கழுவினேன், சட்டையைக் கழற்றித் துடைத்தேன், செடிகளிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன். கழுவக் கழுவ நீலம் குறையவே இல்லை.

"யப்பா!" என்று கத்தினாள் ஜெனி. "மொதல்ல முதுகுல இருக்க பம்ப எறக்குங்க! ஒழுகுது!"

பிறகு அவள் ஒரு செய்தித்தாளை நான்காக மடித்து, மூன்று பங்கை எனக்குக் காட்டி, குறுக்கே இன்னொரு மடிப்பு மடித்தாள். "இப்ப எட்டுப் பங்கு. ஒங்களுக்கு மூணுதான். மேல இருக்கத மேலயும் கீழ இருக்கத கீழயும் பெருக்கணும்பா. முந்நூத்தி எழுபத்தஞ்சு கிராமு. பாதி எடுத்தா எப்பிடிப்பா கூடும்?"

சட்டையில்லாமல், நீலக் கையோடு, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் தலையாட்டினேன்.

இன்றும் வீட்டுக்கு வருகிறவர் அரை டம்ளர் டீ போதும் என்றால், "எங்க கணக்குலயா, இவுக கணக்குலயா?" என்று அடுப்படியிலிருந்து ஸ்டெல்லா கேட்பாள். நானும் கதை சொல்லும்போது தோட்டமே சாம்பலானதாகத்தான் சொல்வேன். நடந்தது இவ்வளவுதான். நாற்பத்தொன்பது செடிக்கு அன்று மதியம் ஸ்டெல்லாவே சரியாகக் கலந்து அடித்தாள், அழுகல் வரவில்லை. நான் அடித்த பதினொன்றிலும் இலை கருகியது. ஒன்பது துளிர்த்தன. இரண்டு பட்டுப்போயின, அந்தக் குழிகளில் அவள் வேறு கன்று நட்டாள்.